எஃப்டிஎல்: ஆயுத பவரும் டேமேஜ் கணக்கும், புதிதாக ஆட வருபவர்களுக்கு

எஃப்டிஎல் (FTL), விண்வெளிக் கப்பலை ஓட்டி, எதிரிகளோடு சண்டை போட்டுக்கொண்டே எட்டு செக்டர்களை, அதாவது பகுதிகளை, கடக்கும் கம்ப்யூட்டர் கேம். அதன் ஐந்தாவது செக்டரில் என் கப்பலான கெஸ்ட்ரல் வெடித்துச் சிதறியபோது, அதில் இருந்த ஆயுதம் கிளேவ் பீம். விலை 95 ஸ்கிராப்; கேமில் காசு என்றால் அதுதான். அட்டையில் டேமேஜ் 3 என்று போட்டிருந்ததைப் பார்த்து வாய் பிளந்து வாங்கினேன். காசு போதாமல், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இலவசமாகக் கிடைத்த பர்ஸ்ட் லேசர் 2-ஐ 40 ஸ்கிராப்புக்கு விற்றேன். பிறகு மூன்று அடுக்கு ஷீல்டோடு, அதாவது கப்பலைச் சுற்றிய பாதுகாப்புக் கவசத்தோடு, ஓர் எதிரி வந்தான். 25 வினாடி காத்திருந்து பீமை இழுத்தேன். டேமேஜ் பூஜ்யம். மறுபடியும் 25 வினாடி. மறுபடியும் பூஜ்யம். மூன்றாவது முறை இழுப்பதற்குள் என் கப்பல் இல்லை.

அன்றைக்கு ஆத்திரத்தில் கேமைத் தூக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தேன். அதற்குப் பிறகும் பதினைந்து, இருபது கப்பல்களைப் பறிகொடுத்துத்தான் இதன் கணக்கு பிடிபட்டது. நீங்கள் அவ்வளவு கப்பல்களைக் காவு கொடுக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இங்கே வரும் எண்கள் எல்லாம் 2014-இல் இலவசமாகச் சேர்க்கப்பட்ட அட்வான்ஸ்டு எடிஷனுக்கும் நார்மல் நிலைக்கும் பொருந்துபவை. கப்பல், முதல் ஆட்டத்தில் கிடைக்கும் கெஸ்ட்ரல். வேறு கப்பல் என்றால் தொடக்க ஆயுதங்கள் மாறும், கணக்கு மாறாது.

1. அட்டையைப் படியுங்கள், பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

ஒவ்வோர் ஆயுதத்தின் மேலும் மவுஸை வைத்தால் ஓர் அட்டை விரியும். வீட்டுப் பத்திரத்தைப் படிப்பது போல அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். பார்க்க வேண்டியவை: எத்தனை பவர் பார் (மின்சார அலகு) கேட்கிறது, சார்ஜ் ஆக எத்தனை வினாடி, ஒரு தடவைக்கு எத்தனை குண்டு, ஒரு குண்டுக்கு எவ்வளவு டேமேஜ், மிசைல் செலவாகுமா.

புதியவர்கள் எல்லோரும் டேமேஜ் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். ஆனால் அது பார்க்க வேண்டிய கடைசி எண். முதலில் குண்டுகளின் எண்ணிக்கை, அடுத்து பவர், அடுத்து வினாடி.

நான்கு உதாரணம் சொல்கிறேன். பேசிக் லேசர்: 1 பவர், 10 வினாடி, 1 குண்டு, 20 ஸ்கிராப். பர்ஸ்ட் லேசர் 2: 2 பவர், 12 வினாடி, 3 குண்டு, 80 ஸ்கிராப். பர்ஸ்ட் லேசர் 3: 4 பவர், 19 வினாடி, 5 குண்டு, 95 ஸ்கிராப். ஹெவி லேசர் 1: 1 பவர், 9 வினாடி, ஒரே குண்டு, ஆனால் டேமேஜ் 2, விலை 55.

பெயரில் 3 இருப்பதால் பர்ஸ்ட் லேசர் 3 தான் உசத்தி என்று தோன்றும். பவரை இரண்டு மடங்கு தின்று, ஏழு வினாடி அதிகம் எடுத்துக்கொண்டு, அது கூடுதலாகத் தருவது இரண்டே குண்டு. கெஸ்ட்ரலோடு சும்மா வரும் பர்ஸ்ட் லேசர் 2 இந்த கேமின் மிகச் சிறந்த ஆயுதங்களில் ஒன்று. அதை விற்றவன் சொல்கிறேன், விற்காதீர்கள்.

2. பவருக்கு இரண்டு கணக்குப் புத்தகம்

ஆயுதத்தை வாங்கியதும் சுட முடியாது. இரண்டு இடத்தில் பவர் இருக்க வேண்டும். ஒன்று, ஆயுத அறையின் நிலை: அது 3 என்றால் மொத்தமாக 3 பார் அளவுக்குத்தான் ஆயுதங்கள் இயங்கும். இரண்டாவது, ரியாக்டர்: அந்த 3 பாரை உண்மையில் அனுப்ப அங்கே மின்சாரம் இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டி இன்னொன்றை விட்டுவிட்டால் கொடுத்த காசு வீண்.

கெஸ்ட்ரல் 8 பார் ரியாக்டரோடு தொடங்குகிறது. ஷீல்டுக்கு 2, எஞ்சினுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, ஆயுதத்துக்கு 3. கூட்டினால் சரியாக 8. காயம் ஆற்றும் அறையான மெட்பேக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் ஆட்டத்தில் அடிபட்ட ஆளை மெட்பேயில் கொண்டு போய் நிறுத்திவிட்டு, 'ஏன் ஆறவில்லை' என்று முழிப்போம்.

இப்போது கடையில் ஹால்பர்ட் பீம் 65 ஸ்கிராப்புக்குத் தொங்குகிறது என்று வையுங்கள். அது கேட்பது 3 பவர். ரியாக்டரில் 9-ஆவது, 10-ஆவது பாருக்குத் தலா 20 ஸ்கிராப், 11-ஆவதுக்கு 25. ஆக மொத்தம் 65. பீமின் விலைக்குச் சமமாக ரியாக்டருக்கே போய்விட்டது. இதற்கு மேல் ஆயுத அறையை 3-இலிருந்து 6-க்கு ஏற்றும் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதே கதைதான். கடையில் 'வாங்கு' பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த மூன்று தொகையையும் கூட்டிப் பாருங்கள்.

சண்டை நடுவில் பவர் போதாவிட்டால் சில தற்காலிக வழிகள் உண்டு. ஆக்சிஜனை நிறுத்தி அந்த ஒரு பாரை ஆயுதத்துக்குக் கொடுக்கலாம்; காற்று மெல்லத்தான் குறையும், ஒரு சண்டைக்குத் தாங்கும். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். எதிரியிடம் இருப்பது எல்லாமே பீம் என்றால் எஞ்சினிலிருந்தும் எடுக்கலாம், ஏனென்றால் பீம் எப்படியும் தவறாது. ஸோல்ட்டான் இனத்தவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், அவரை ஆயுத அறையில் நிறுத்தினாலே ஒரு பார் சும்மா கிடைக்கும்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

பாதி சார்ஜ் ஆன ஆயுதத்தின் பவரைப் பிடுங்கினால், அதுவரை ஏறிய சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும். மூன்று ஆயுதத்துக்குப் பவர் இல்லாதபோது மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினால் ஒன்றுமே சுடாது. எதை ஏற்றுவது என்று சண்டை தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் ஆயுத அறையில் அடி விழுந்து பவர் குறைந்தால், வரிசையில் வலது கோடியில் உள்ள ஆயுதம்தான் முதலில் அணையும். அதனால் உயிர்நாடியான ஆயுதத்தை இடது கோடியில் வையுங்கள். இழுத்து மாற்றிக்கொள்ளலாம், செலவில்லை. ஆயுத அறையைத் தேவைக்கு ஒரு நிலை கூடுதலாக ஏற்றி வைப்பதும் நல்லது. முதல் அடி அந்தக் காலி நிலையைத்தான் உடைக்கும். ஆயுதங்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

3. ஷீல்டின் கணக்கு: இரண்டு பாருக்கு ஓர் அடுக்கு, இரண்டு வினாடிக்கு ஓர் அடுக்கு

எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான். இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டாலும் குறைந்தது இரண்டு செக்டர் கூடுதலாகப் போவீர்கள்.

ஷீல்டு அறைக்குப் போகும் ஒவ்வொரு 2 பவருக்கும் ஒரு நீல அடுக்கு. 3 பவர் கொடுத்தாலும் ஓர் அடுக்குதான். 4 கொடுத்தால் இரண்டு. உச்சம் 8 பவரும் நான்கு அடுக்கும். லேசர் குண்டு ஒன்று பட்டால் ஓர் அடுக்கு போகும். குண்டின் டேமேஜ் 1 ஆனாலும் 2 ஆனாலும் அதே ஓர் அடுக்குதான். அதனால்தான் இரட்டை டேமேஜ் தரும் ஹெவி லேசர், ஷீல்டு முன்னால் பேசிக் லேசருக்கு மேல் ஒன்றும் சாதிப்பதில்லை.

போன அடுக்கு சுமார் 2 வினாடியில் திரும்பிவிடும். ஷீல்டு அறையில் ஆள் நின்றால் இன்னும் சீக்கிரம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். அம்மி நகரலாம், ஷீல்டு நகராது. ஒவ்வொன்றாகச் சுடும் குண்டை அது ஒவ்வொன்றாகவே விழுங்கிவிட்டு, அடுத்ததற்கு வாய் திறந்து காத்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரிக்கு இரண்டு அடுக்கு, 20 சதவீதம் விலகும் திறன். கேமில் இதன் பெயர் எவேட். உங்களிடம் ஒரு பர்ஸ்ட் லேசர் 2. மூன்று குண்டும் பட்டால்தான் மூன்றாவது உள்ளே போய் 1 டேமேஜ் தரும். மூன்றும் படும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீதம். ஒவ்வொரு 12 வினாடிக்கும் சராசரியாக அரை டேமேஜ். எதிரியின் ஹல், அதாவது கப்பல் உடலின் உயிர்ப் புள்ளி, 10 என்றால் அவனை முடிக்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் அவன் கைகட்டி நிற்கப் போவதில்லை.

இன்னொரு பர்ஸ்ட் லேசர் 2 கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஆறு வினாடி இடைவெளியில் மாற்றி மாற்றிச் சுட்டால், அந்த அரை டேமேஜ் இரண்டு தடவை கிடைக்கும்: 12 வினாடிக்கு 1. ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சுட்டால், ஆறு குண்டில் சராசரியாக 4.8 படும், இரண்டை ஷீல்டு தின்னும், மீதி 2.8 உள்ளே போகும். அதே ஆயுதம், அதே பவர், அதே எதிரி. சேர்த்துச் சுட்டதால் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான்கு நிமிடச் சண்டை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது.

காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. அதுவரை ஆட்டோஃபயரை ஆன் செய்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

4. சுடும் வரிசை

முதல் வேலை, ஆட்டோஃபயரை அணைப்பது. ஆன் ஆகியிருந்தால், ஒவ்வோர் ஆயுதமும் சார்ஜ் ஆனவுடன் தன்பாட்டுக்குச் சுட்டுவிடும். எதிரிக்கு ஷீல்டே இல்லை என்றால் மட்டும் ஆன் செய்யலாம்.

சண்டை தொடங்கியவுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். எதிரியிடம் என்ன ஆயுதம், எத்தனை அடுக்கு என்று நிதானமாகப் பாருங்கள். இந்த கேமில் நிறுத்துவதற்குக் கட்டணம் இல்லை; நான் ஒரு சண்டையில் முப்பது, நாற்பது தடவை நிறுத்துவேன். எதிரிக் கப்பலின் உள்ளே பார்க்க சென்சார் நிலை 2 வேண்டும். அவன் ஆயுதம் எவ்வளவு சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பார்க்க நிலை 3.

பிறகு ஆயுத அறையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். சும்மா நின்றாலே சார்ஜ் 10 சதவீதம் வேகமாகும். கைப்பழக்கம் ஏற ஏற 20 வரை போகும். எல்லா ஆயுதமும் தயாராகும் வரை பொறுங்கள். குண்டு எண்ணிக்கை அதிகமுள்ளதை முதலில் விடுங்கள், உடனே அடுத்தது. பீம் இருந்தால் அதைக் கையில் வைத்திருங்கள். கடைசி லேசர் ஷீல்டைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்து, நிறுத்தி, பீமுக்குக் கோடு இழுத்து, விடுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு வினாடி. நிறுத்தி நிறுத்தி ஆடினால் அது தாராளம்.

ஆயுதம் வாங்கும்போதே சார்ஜ் நேரத்தின் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். 12 வினாடி லேசரும் 17 வினாடி ஹால்பர்டும் ஜோடி சேர்ந்தால், லேசர் ஐந்து வினாடி சும்மா நிற்கும். பரவாயில்லை, தாங்கலாம். அதே லேசருக்கு 25 வினாடி கிளேவ் ஜோடி என்றால் பாதி நேரம் தூக்கம்தான். ஃபிளாக் 1 நல்ல ஜோடி: 2 பவர், 10 வினாடி, 3 குண்டு, 65 ஸ்கிராப். அதன் குண்டுகள் குறி வைத்த அறையில் விழாமல் சிதறிப் போகும். ஆனால் ஷீல்டைக் கழற்ற அது போதும். ஃபிளாக் முதலில், பர்ஸ்ட் லேசர் 2 பின்னால். நான்கே பவரில் ஆறு குண்டு. மூன்று அடுக்கு வரை இந்த ஜோடி என்னைக் கைவிட்டதில்லை.

5. ஆயுத வகைகள்: எது எங்கே செல்லும்

பீம். என்னைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பீம் ஷீல்டை உடைக்காது. எதிரிக்கு நிற்கும் ஒவ்வோர் அடுக்கும் பீமின் டேமேஜில் ஒன்றைக் கழிக்கும். டேமேஜ் 3 உள்ள கிளேவ், இரண்டு அடுக்கு முன்னால் 1 ஆகும். மூன்று அடுக்கு முன்னால் 0. டேமேஜ் 2 உள்ள ஹால்பர்டுக்கு ஓர் அடுக்கு பரவாயில்லை, இரண்டு வந்தால் பூஜ்யம். மினி பீம், பைக் பீம் இரண்டுக்கும் டேமேஜ் 1. ஓர் அடுக்கு நின்றாலே போதும், அவை டார்ச் லைட்.

ஆனால் ஷீல்டு இறங்கியிருந்தால் பீமுக்கு நிகர் கிடையாது. அது தவறவே தவறாது, எதிரியின் எவேட் 50 ஆனாலும் சரி. அதோடு, அட்டையில் போட்டிருக்கும் டேமேஜ் ஓர் அறைக்கானது. கோடு நான்கு அறைகளைத் தொட்டால் ஹால்பர்டு 2 × 4, மொத்தம் 8 ஹல் டேமேஜ். ஒவ்வோர் அறைக்கும் ஒரு தடவைதான் கணக்கு. அதனால் பெரிய அறையின் நடுவில் நீளமாக இழுத்து வீணாக்காமல், அறைகளின் மூலைகளை உரசிக்கொண்டு போகும்படி கோட்டைச் சாயுங்கள். ஆயுத அறை, ஷீல்டு அறை, பைலட் அறை மூன்றையும் ஒரே கோட்டில் தொட முடிகிற கப்பல்கள் நிறைய உண்டு. கோட்டைப் போடுவதற்கு முன் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கோணம் மாற்றிப் பாருங்கள்.

சுருக்கமாக, பீம் தனியாக வாழாது. ஷீல்டைக் கழற்ற வேறு ஆயுதம் கையில் இல்லாவிட்டால் பீம் பக்கம் போகாதீர்கள்.

மிசைல். எத்தனை அடுக்கு ஷீல்டு இருந்தாலும் துளைத்துக்கொண்டு போகும். கெஸ்ட்ரலின் ஆர்ட்டெமிஸ் 1 பவர், 11 வினாடி, டேமேஜ் 2. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் கையிருப்பு 8 மிசைல்தான். கடையில் ஒன்றின் விலை 6 ஸ்கிராப். ஒவ்வொரு தடவை சுடும்போதும் 6 ஸ்கிராப்பைத் தூக்கி வெளியே எறிகிறீர்கள் என்று மனதில் வையுங்கள். எதிரி விலகிக்கொண்டால் அதுவும் போச்சு. வரும் மிசைலைச் சுட்டு வீழ்த்தும் டிஃபென்ஸ் ட்ரோன் வைத்திருப்பவனிடம் மிசைல் விடுவது வேண்டாத வேலை.

எப்போது விடலாம்? முதல் செக்டரில் ஓரடுக்கு எதிரிக்கு வேண்டாம், பர்ஸ்ட் லேசரே போதும். இரண்டு அடுக்கு எதிரி வந்தால் ஆர்ட்டெமிஸை முதலில் ஷீல்டு அறையில் விடுங்கள். பட்டால் அந்த அறையின் 4 பவர் 2 ஆகும், ஓர் அடுக்கு காலி. அவன் ஆட்கள் பழுது பார்க்கும் வரை அது திரும்பாது. பின்னாலேயே லேசரின் மூன்று குண்டு. 11 வினாடியும் 12 வினாடியும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன பாருங்கள். கெஸ்ட்ரலுக்கு இந்த இரண்டையும் சும்மா கொடுக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. முதல் மூன்று செக்டர்களில் உங்கள் ஹல்லைச் சரி செய்ய ஒரு புள்ளிக்கு 2 ஸ்கிராப், நான்கிலிருந்து ஆறு வரை 3, கடைசி இரண்டில் 4. ஒரு மிசைல் உங்களுக்கு மூன்று புள்ளி ஹல்லைக் காப்பாற்றும் என்று தோன்றினால் விடுங்கள், அசல் வந்துவிட்டது. தோன்றாவிட்டால் பையிலேயே இருக்கட்டும்.

அயான். ஹல்லுக்கு ஒரு கீறல்கூடப் போடாது. படும் அறையின் பவரை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பார் வீதம் ஐந்து வினாடிக்குப் பூட்டும். ஷீல்டில் பட்டால் ஓர் அடுக்கும் போகும், ஷீல்டு அறையின் பவரும் பூட்டப்படும். நான்கு பவர் மூன்றானால், முன்பு சொன்னபடி, இரண்டு அடுக்கு ஒன்றாகிவிடும். அந்தப் பூட்டு திறப்பதற்குள் அடுத்தது விழுந்தால் பூட்டு அடுக்கிக்கொண்டே போகும். இங்கேதான் வினாடி முக்கியம். அயான் பிளாஸ்ட் 1-க்கு 8 வினாடி. பூட்டு ஐந்தில் திறந்துவிடும், மூன்று வினாடி இடைவெளி. ஒன்று மட்டும் வைத்திருந்தால் பயன் குறைவு, இரண்டு வேண்டும். அயான் பிளாஸ்ட் 2-க்கு 4 வினாடி. தனியாகவே எதிரியின் ஷீல்டை இறக்கி அப்படியே பிடித்து வைக்கும். ஆனால் 3 பவர், 70 ஸ்கிராப். ஹல்லை உடைக்க வேறு ஆயுதம் கூட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, அயான் மட்டும் வைத்துக்கொண்டு எதிரியைக் கட்டிப்போட்டுவிட்டு, அடிக்க ஆயுதம் இல்லாமல் நின்ற கதையும் என்னிடம் உண்டு.

பாம். நேராக உள்ளே தோன்றி வெடிக்கும், ஷீல்டு தடுக்காது. ஹல்லுக்கு டேமேஜ் கிடையாது, மிசைலும் செலவாகும். முதல் சில ஆட்டங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பச்சை நிறத்தில் ஒரு கூடுதல் ஷீல்டோடு ஸோல்ட்டான் கப்பல்கள் வரும். அது இருக்கும் வரை மிசைல், பாம், டெலிபோர்ட் எதுவும் உள்ளே போகாது. முதலில் அதைக் கழற்றுங்கள். பீம், லேசர், அயான் எல்லாமே அதைத் தின்னும். மிசைலை அதில் வீணாக்காதீர்கள்.

6. எந்த அறையைக் குறி வைப்பது

குண்டு எந்த அறையில் விழுந்தாலும் ஹல் டேமேஜ் ஒன்றுதான். ஏதாவது சிஸ்டம் (ஷீல்டு, ஆயுதம், எஞ்சின் போன்றவை) உள்ள அறையில் விழுந்தால் அந்த சிஸ்டமும் அதே அளவு உடையும். காலி அறையைச் சுடுவது பாதிக் கூலிக்கு வேலை செய்வது போல. ஹல் லேசர், ஹல் பீம் மட்டும் விதிவிலக்கு. சிஸ்டம் இல்லாத அறையில் அவற்றின் டேமேஜ் இரட்டிப்பு.

ஷீல்டு அறையா, ஆயுத அறையா? என் வழக்கம் இது: எதிரியிடம் மிசைல் இருந்தால், அல்லது அவன் ஒரே தடவையில் என் ஷீல்டைத் தாண்டிச் சுட முடியும் என்றால், ஆயுத அறை. மற்ற எல்லா நேரத்திலும் ஷீல்டு அறை, ஏனென்றால் அங்கே விழும் முதல் அடி அடுத்த ரவுண்டு முழுவதையும் மலிவாக்குகிறது. ஷீல்டு முழுக்கப் போனதும் ஆயுத அறைக்கு மாறிவிடுவேன். எவேட் மிக அதிகமாக இருந்து எரிச்சலூட்டினால் பைலட் அறையையோ எஞ்சினையோ அடித்துப் பாருங்கள், குண்டுகள் படத் தொடங்கும்.

புதியவர்கள் செய்யும் ஒரு தவறு: ஒரு குண்டு ஷீல்டு அறைக்கு, ஒரு ஆயுதம் எஞ்சினுக்கு, இன்னொன்று வேறெங்கோ என்று பிரித்துச் சுடுவது. ஷீல்டுக்கு எல்லாம் ஒன்றுதான், அது முதலில் வரும் குண்டுகளை விழுங்கும். எது உள்ளே போகும் என்று உங்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அறையில் குவியுங்கள்.

7. ஸ்கிராப்பை எந்த வரிசையில் செலவிடுவது

முதல் 50 ஸ்கிராப் உங்கள் சொந்த ஷீல்டுக்கு. நிலை 2-இலிருந்து 3-க்கு 20, 3-இலிருந்து 4-க்கு 30. நான்கானால்தான் இரண்டாவது அடுக்கு வரும். 3-இல் நிறுத்தினால் பயனில்லை. இதற்கு ரியாக்டரிலும் இரண்டு பார் வேண்டும், 40 ஸ்கிராப். ஆக 90. இரண்டாவது செக்டர் முடிவதற்குள் இதை முடித்துவிட்டால் மூச்சு விடலாம். காசு இல்லாமல் ரியாக்டரைத் தள்ளிப்போட்டால், எஞ்சினின் இரண்டு பாரைச் சண்டையின்போது ஷீல்டுக்கு மாற்றி ஒப்பேற்றலாம். நான் பல தடவை ஒப்பேற்றியிருக்கிறேன்.

எஞ்சின் மலிவு: இரண்டிலிருந்து மூன்றுக்கு 15, நான்குக்கு 30. நிலைக்கு ஐந்து சதவீதம் எவேட் கூடும். மிசைலைத் தடுக்க ஷீல்டு உதவாது, எவேட்தான் உதவும் என்பதால் இது வீண் போகாது.

அதன் பிறகு ஆயுதம். கடைக்குப் போகும்போது கையில் குறைந்தது 80, 100 ஸ்கிராப் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அப்கிரேடில் கொட்டிவிட்டுக் கடைக்குப் போனால் பர்ஸ்ட் லேசர் கண்ணெதிரே சிரிக்கும், வாங்க முடியாது. பழைய ஆயுதத்தை விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். புதியதை ஓட்டப் பவர் இருக்கிறது என்று உறுதியான பிறகே பழையதை விற்க வேண்டும்.

வெப்பன் பிரீ-இக்னைட்டர் என்று ஒன்று 120 ஸ்கிராப்புக்கு வரும். சண்டை தொடங்கும்போதே எல்லா ஆயுதமும் சார்ஜ் ஆகி நிற்கும். நல்ல ஆயுதங்கள் கைவசம் இருந்தால் இதைவிடப் பெரிய வரம் கிடையாது. இரண்டு பேசிக் லேசரை வைத்துக்கொண்டு இதை வாங்குவது, தாலிக்கே தங்கம் இல்லாதவன் ஒட்டியாணத்துக்கு அளவு கொடுத்த மாதிரி.

8. எட்டாவது செக்டர்

கடைசியில் காத்திருக்கும் எதிரித் தலைமைக் கப்பலான ரெபல் ஃபிளாக்ஷிப்பை மூன்று கட்டமாக வீழ்த்த வேண்டும். முதல் கட்டத்திலேயே நான்கு அடுக்கு ஷீல்டு. மேலே மூன்றாவது தலைப்பில் பார்த்த ஷீல்டு கணக்கை இங்கே போடுங்கள்: நான்கை ஷீல்டு தின்னும், எவேட் இன்னும் சிலதைத் தள்ளிவிடும். ஒரே மூச்சில் ஆறு ஏழு குண்டாவது போகாவிட்டால் உள்ளே ஒன்றும் விழாது. ஏழாவது செக்டரின் கடைகளிலேயே இந்த எண்ணிக்கையை எட்டிவிட வேண்டும். இதுவரை சேமித்த மிசைல்களையும் இங்கே தயங்காமல் செலவிடலாம். ஷீல்டு அறையில் விழும் ஒவ்வோர் ஆர்ட்டெமிஸும் ஓர் அடுக்கைக் கழற்றும்.

அதன் நான்கு ஆயுதங்களும் தனித்தனி அறையில், தனித்தனி ஆளோடு இருக்கின்றன. அதில் மூன்று மூன்றாக மிசைல் விடும் அறைதான் ஆளைக் கொல்வது, உங்கள் ஷீல்டு எத்தனை அடுக்கானாலும் அதற்குப் பொருட்டில்லை. ஷீல்டு இறங்கியதும் அடுத்த குறி அந்த அறை. கட்டங்களுக்கு நடுவே அது தப்பி ஓடும்போது, வரைபடத்தில் பழுது பார்க்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே ஹல்லை ஏற்றிக்கொண்டு துரத்துங்கள். அந்த செக்டரில் நான் முதன்முதலாக உயிரோடு இரண்டாவது கட்டத்துக்குப் போனபோது, கெஸ்ட்ரலின் இடது கோடி ஆயுதம் பர்ஸ்ட் லேசர் 2. ஹல் மிச்சம் நான்கு புள்ளி.